பழைய டீசல் கார் வாங்கப் போகிறீர்களா?

புடவைக் கடைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? முப்பது புடவையைப் புரட்டிப் பார்க்கிறோம். முந்தானையை விரிக்கிறோம். உள்பக்கம் திருப்பி இழை ஓட்டத்தைக் கவனிக்கிறோம். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்து, சாயம் எப்படி என்று பார்க்கிறோம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் நாம் சளைப்பதில்லை. ஆனால் அதைப்போல நூறு மடங்கு பணம் போட்டுக் கார் வாங்கும்போது மட்டும், "அதெல்லாம் ஆண்கள் சமாசாரம்" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு ஆரத்தி எடுக்கவும், சக்கரத்துக்கு எலுமிச்சம் பழம் வைக்கவும்தான் நாம் தேவைப்படுகிறோம்!

இந்த வழக்கத்தை மாற்றிக் காட்டிய என் சிநேகிதி ஒருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம், அவளுக்குக் கூச்சம். அவள் செய்த காரியம் மட்டும் நமக்குப் போதும்.

மாற்றல் உத்தரவு

அவள் குடியிருப்பது மதுரையில், வில்லாபுரத்துப் பக்கம். உத்தியோகம் பார்க்கிறவள். திடீரென்று ஒருநாள் காரியாபட்டிக்கு மாற்றல் வந்துவிட்டது.

காரியாபட்டி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குப் போகிற நான்குவழிச் சாலையில், ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் உள்ள ஊர். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகாவின் தலைமையிடம். கரிசல் பூமி. மழை பெய்தால் களி, வெயில் அடித்தால் புழுதி. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். ஊரில் ரயில் கிடையாது, பஸ்தான் கதி.

வீட்டை அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்றால், கணவருக்கு வேலை மதுரையில். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மதுரையில். மாமியாருக்கு முழங்கால் வைத்தியம் மதுரையில். ஆகவே தினமும் போய் வருவது என்று தீர்மானமாயிற்று. காலை ஆறரைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போவாள். மாலையில் நெரிசலில் நின்றுகொண்டே வந்து வீடு சேர ஏழே முக்கால் ஆகிவிடும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சின்னப் பெண், பாதி நாள் பக்கத்து வீட்டுத் திண்ணையிலேயே புத்தகப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் போய்விடும். மூன்று மாதம் இப்படி ஓடிற்று. நாலாவது மாதம் அவளால் முடியவில்லை.

கையில் இருந்தது சீட்டுப் பணம் 4 லட்சம் ரூபாய். மூத்த பையனின் கல்லூரிப் படிப்புக்கென்று பத்து வருஷமாகச் சேர்த்தது. அந்தப் பணத்தைத்தான் எடுக்க வேண்டும். தப்பான வண்டியில் போட்டுவிட்டால், பையனின் படிப்பு நடுரோட்டில் நின்றுவிடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒருநாள் இரவு அவள் கணவர் உற்சாகமாக வந்தார்.

"ஒரு பழைய டீசல் வண்டி பாத்துட்டு வந்தேன். வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை! கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. நாளைக்கே முடிக்கலைன்னா கை மாறிப் போயிடும்."

"பளபளப்பு இருக்கட்டுங்க. மாசம் என்ன செலவாகும்?"

கணவர் விழித்தார். அவள் பால் கணக்கு எழுதும் நோட்டை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

முதலில் பென்சில், பிறகு பர்ஸ்

வாசக சகோதரிகளே, நீங்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் போட்ட கணக்கு இதுதான்.

போக வர 60 கிலோமீட்டர். மாதத்துக்கு 25 நாள். ஆக 1,500 கிலோமீட்டர். ஒரே அளவுள்ள கார்களில் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும், டீசல் வண்டி 20 கிலோமீட்டரும் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டாள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று எழுதினாள். (நீங்கள் கணக்குப் போடும்போது அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

பெட்ரோல் வண்டிக்கு 100 லிட்டர், 10,000 ரூபாய். டீசல் வண்டிக்கு 75 லிட்டர், 6,900 ரூபாய். மாதம் 3,100 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 37,200 ரூபாய்.

"பாத்தியா! நான் சொன்னேனே!" என்றார் கணவர்.

"இருங்க, இன்னும் முடியலை" என்றாள் அவள்.

டீசல் வண்டிக்குப் பராமரிப்புச் செலவு அதிகம். எஞ்சின் ஆயில் கூடுதலாகப் பிடிக்கும். டீசல் ஃபில்டரைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். இன்ஜெக்டரோ டர்போவோ படுத்துவிட்டால் பெரிய தொகையாகக் கேட்கும். அதற்காக வருஷத்துக்கு 10,000 ரூபாயைத் தள்ளினாள். மீதி 27,200. அதே போன்ற பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டிக்கு 75,000 ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டியிருந்தால், அந்த அதிகப் பணம் திரும்பி வர மூன்று வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம்.

இப்போது இதே கணக்கை ஊருக்குள்ளேயே சுற்றுகிற குடும்பத்துக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 10 கிலோமீட்டர். மாதம் 250 கிலோமீட்டர். மிச்சமாவது மாதம் ஏறக்குறைய 517 ரூபாய், வருஷத்துக்கு 6,200. பராமரிப்புக்கு ஒதுக்கிய 10,000 ரூபாய்க்கே இது காணாது! அப்படிப்பட்ட குடும்பம் டீசல் வண்டி வாங்குவது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பது மாதிரி.

சுங்கச் சாவடியை மறந்துவிடாதீர்கள். மதுரைக்கும் காரியாபட்டிக்கும் நடுவே எலியார்பத்திச் சாவடி இருக்கிறது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. மாதம் 50 தடவை. சொந்த உபயோகக் கார்களுக்கென்று 2025 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஃபாஸ்டேக் வருஷாந்திரப் பாஸ் வந்தது. 200 தடவைக்கு அல்லது ஒரு வருஷத்துக்கு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். நம் சிநேகிதிக்கு அது நாலு மாதத்தில் தீரும். மாதம் 750 ரூபாய் என்றாகிறது. சாவடிக்கு 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு மாதச் சலுகைப் பாஸ் தனியாக உண்டு. இரண்டையும் விசாரித்து, எது குறைவோ அதை வாங்குங்கள்.

சி.என்.ஜி. வண்டியும் மின்சார வண்டியும் இப்போது பழைய கார் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. உங்கள் வழியில் அவற்றுக்கு எரிவாயு நிரப்பவும் சார்ஜ் ஏற்றவும் வசதியிருந்தால், அவற்றையும் இதே நோட்டில் எழுதிப் பாருங்கள். நோட்டுக்குப் பாரபட்சம் கிடையாது.

சைக்கிள் பம்பும் டீசல் எஞ்சினும்

டீசல் எஞ்சின் ஏன் குறைவாகக் குடிக்கிறது? சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து, மின்பொறியால் பற்ற வைக்கிறார்கள். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. காற்றை மட்டும் சுமார் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறார்கள். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. இப்படி அதிகமாக நெருக்கி எரிப்பதால், ஒவ்வொரு சொட்டிலிருந்தும் அதிக வேலை கிடைக்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர். 1897-இல் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை எஞ்சின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள்! (உங்கள் காரில் அந்தப் பரீட்சை வேண்டாம்; இன்றைய இன்ஜெக்டர் தாங்காது.) பாவம், அந்த மேதை 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவோடு இரவாகக் காணாமல் போனார். அவர் பெயர் மட்டும் உலகத்துப் பெட்ரோல் பங்குகளிலெல்லாம் நிலைத்துவிட்டது.

நம் நாட்டில் டீசல் காருக்கு யோகம் அடித்த காலம் ஒன்று இருந்தது. 2012-இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. எல்லோரும் டீசல் டீசல் என்று ஓடினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான புகைக் கட்டுப்பாடு வந்தது. அதற்கேற்பச் சின்ன டீசல் எஞ்சின்களைத் திருத்தினால் விலை கட்டுப்படியாகாது என்று மாருதி கம்பெனி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இன்னும் சில கம்பெனிகளும் சின்ன டீசல் கார்களைக் கைவிட்டன. ஆகவே, சின்னக் குடும்பத்துக்கேற்ற டீசல் கார் வேண்டுமென்றால் அநேகமாகப் பழைய வண்டியைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ஓடினால்தான் ஆரோக்கியம்

இங்கே ஒரு முக்கியமான விஷயம். 2020-க்குப் பிந்திய டீசல் கார்களில் புகைக் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கும். ஷெட்டுகளில் அதை 'டி.பி.எஃப்.' என்பார்கள். புகையிலுள்ள கரியைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு நல்ல சூடு வேண்டும். சூடு ஏற, வண்டி சீரான வேகத்தில் இருபது முப்பது நிமிஷம் ஓட வேண்டும். மாசி வீதிக்கும் மாட்டுத்தாவணிக்குமாக முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துகொண்டிருந்தால் அது அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் பில் பெரிதாக வரும்.

அதே வண்டியைக் காரியாபட்டி ரோட்டில் விட்டுப் பாருங்கள்! ரிங் ரோட்டைத் தாண்டி, வலையங்குளம் கடந்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொண்டுவிடும். நாள்தோறும் நடக்கிறவருக்கு வியாதி அண்டாது என்பார்களே, அது டீசல் எஞ்சினுக்கும் பொருந்தும். ஆகவே, 'நல்ல கார் எது?' என்று கேட்காதீர்கள். 'என் ரோட்டுக்கு நல்ல கார் எது?' என்று கேளுங்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை

கணக்கு டீசலுக்குச் சாதகமாக வந்தது. ரோடும் சாதகமாக இருந்தது. பிறகுதான் வண்டி பார்க்கப் புறப்பட்டார்கள். முதலில் அந்த வெள்ளை வண்டி.

"நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். போனதும் முதல் வேலையாகப் பானெட்டின் மேல் கையை வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

"கழுவுறதுக்காக எடுத்தோம், மேடம்" என்றார் விற்கிறவர்.

ஏன் இந்தச் சோதனை? பழுதான டீசல் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் தன் நோயைக் காட்டும். சாவி போட்டதும் இழுத்து இழுத்துக் கிளம்பும், கரடுமுரடாக ஆடும், புகை விடும். பத்து நிமிஷம் சூடாக்கி வைத்துவிட்டால் சாது மாதிரி நிற்கும். ஆகையால் பானெட் சுட்டால், "நாளைக் காலையில் வருகிறோம்" என்று சொல்லித் திரும்பிவிடுங்கள்.

மீட்டர் 62,000 கிலோமீட்டர் காட்டியது. ஆனால் ஸ்டீயரிங்கின் தோல் வழவழவென்று தேய்ந்திருந்தது. பிரேக் மிதியின் ரப்பரில் வரியே இல்லை. மீட்டரைத் திருப்பி வைக்க ஆள் இருக்கிறது. தேய்ந்த ரப்பரை யாரும் நினைப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். அதைக் கொண்டு டயர் எப்போது மாற்றப்பட்டது என்று ஊகிக்கலாம். சர்வீஸ் பில் கேட்டாள். "தொலைஞ்சு போச்சு" என்றார். விடாமல், வண்டி நம்பரைக் கொண்டுபோய்க் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விசாரித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பே அந்த வண்டி 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது!

கணவர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. நாளைக்கே முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டது அவர்தானே!

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை

அடுத்த வண்டி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. 2019 மாடல். விலை ஆச்சரியமாகக் குறைவு. ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் நாமும் கொஞ்சம் ஆச்சரியப்பட வேண்டும், அல்லவா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பேய்மழை நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதே மாதம் முதல் வாரத்தில் சென்னையில் மிக்ஜாம் புயல். ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. அவற்றில் பல துடைத்துத் தலை சீவிச் சந்தைக்கு வந்திருக்கின்றன.

இந்தத் தடவை தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போயிருந்தார்கள். அவர் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துக் காட்டினார். "பாருங்கக்கா, உள்ளே இருக்கிற பகுதியிலே செம்மண் கோடு." காலடி விரிப்பைத் தூக்கினால் பழைய ஈரத்துணி வாடை. இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு. மழைநீர் மேலே தெளித்தால் இவ்வளவு உள்ளே துருப் பிடிக்காது.

தண்ணீரில் மூழ்கிய டீசல் கார் ஏன் ஆபத்து? காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் உள்ளிருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். தவிர, இன்றைய டீசல் எஞ்சினை நடத்துவது ஒரு சிறிய கம்ப்யூட்டர் பெட்டி. அதன் ஒயர்களில் ஈரம் ஏறிவிட்டால் இன்று ஓடும், நாளை நிற்கும். இரவு எட்டு மணிக்கு ஆளில்லாத கரிசல் காட்டு நடுவே நிற்கிற வண்டி மலிவானதா, சொல்லுங்கள்!

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை

மூன்றாவது வண்டி சாம்பல் நிறம். 2018 மாடல். இடது கதவில் முழ நீளத்துக்கு ஒரு கீறல். ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடையது. மீட்டர் 84,000 காட்டியது. பெரியவர் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து நீட்டினார். முதல் சர்வீஸிலிருந்து எல்லாப் பில்லும் தேதி வரிசையில் இருந்தது. மீட்டருக்கும் பில்லுக்கும் கணக்கு ஒத்துப் போயிற்று.

பானெட் ஜில்லென்று இருந்தது. சாவி திருப்பியதும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. மெக்கானிக் பின்னால் போய் நின்று புகையைப் பார்த்தார். புகை பேசும், தெரியுமா? நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளையாக வந்து, சூடேறிய பிறகும் நிற்காவிட்டால், குளிரூட்டும் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். குபுகுபுவென்று கறுப்பாக வந்தால் இன்ஜெக்டரிலோ காற்று வடிகட்டியிலோ டர்போவிலோ கோளாறு. இந்த வண்டியில் ஒன்றுமில்லை. பிறகு எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியை மெல்லத் திறந்தார். அங்கிருந்து புகை குப்குப்பென்று தள்ளினால் எஞ்சினுக்குள் தேய்மானம் அதிகம். (இதை நீங்கள் செய்ய வேண்டாம், சூடான ஆயில் தெறிக்கும். மெக்கானிக் செய்யட்டும்.)

பிறகு ரோட்டுப் பரீட்சை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் போதாது என்று சொல்லிவிட்டாள். தான் தினமும் போகப் போகிற ரோட்டிலேயே, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, காரியாபட்டிவரை போய்த் திரும்பினார்கள். உயர்ந்த கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோது சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்தது என்று பொருள். ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிரேக் போட்டால் நேராக நிற்க வேண்டும். சூடு காட்டும் முள் நடுவைத் தாண்டக் கூடாது. எல்லாம் தேறியது.

பாதுகாப்பு விஷயத்திலும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஏ.பி.எஸ். பிரேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரல் முதல்தான். டிரைவர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை முதல்தான். அதற்கு முந்திய மாடல்களில் விலை உயர்ந்த ரகங்களில் மட்டும் இருக்கும். ஆகையால் பழைய வண்டி பார்க்கும்போது, 'இந்த ரகத்தில் ஏர்பேக் இருக்கிறதா, ஏ.பி.எஸ். இருக்கிறதா?' என்று கேட்டே தீர வேண்டும். பாட்டுக் கேட்கும் கருவி பிறகு வாங்கிக்கொள்ளலாம். இவற்றைப் பிறகு மாட்ட முடியாது. இந்த வண்டியில் இரண்டும் இருந்தன.

எந்த எஞ்சின் என்பதையும் விசாரித்தாள். சாமான் எளிதில் கிடைக்கிற எஞ்சினாக இருக்க வேண்டும். ஃபியட் கம்பெனியின் 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் எஞ்சினை மாருதி, டாடா, ஃபியட் என்று பலரும் தங்கள் கார்களில் போட்டிருந்ததால், ஸ்விஃப்ட், டிசையர் போன்ற வண்டிகளுக்கு எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார். அந்த எஞ்சினில் டைமிங் செயின். ரெனால்ட் டஸ்டரின் 1.5 லிட்டர் டீசல் போன்ற சிலவற்றில் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட். பெல்ட் குற்றமல்ல, குறித்த கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் அறுந்துவிட்டால் எஞ்சினே போய்விடும். எனவே, பெல்ட் வண்டியானால் 'கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பில் எங்கே?' என்று கேளுங்கள்.

மாமியாருக்கு ஒரு சந்தேகம். "பத்து வருஷமானா டீசல் வண்டியைப் பிடுங்கிக்குவாங்களாமே?"

"அது டில்லிப் பக்கம், அத்தை. 2015-லே அங்கே பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு. நம்ம ஊர்லே அப்படி இல்லை. 15 வருஷம் முடிஞ்சதும் பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கணும்."

பேரம் பேசி 3,60,000 ரூபாய்க்கு முடித்தார்கள். கீறலுக்காகப் பெரியவர் கொஞ்சம் இறங்கி வந்தார். மீதி 40,000 ரூபாயை அவள் தொடவே விடவில்லை. "பழைய வண்டி விலையில் பத்தில் ஒரு பங்காவது கையில் இருக்கணும்" என்பது அவள் கட்சி. அவள் சொன்னது சரியாயிற்று. பேட்டரி, இரண்டு டயர், எல்லா ஆயிலும் ஃபில்டரும் என்று முதல் மாதத்திலேயே அதில் பெரும் பகுதி போயிற்று.

காகிதம் காகிதமாக

பணம் கைமாறுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். வண்டி முன்பு டி போர்டு டாக்ஸியாக ஓடியதா என்று கேளுங்கள். கட்டாத அபராதம் இருக்கிறதா என்று வண்டி நம்பரைப் போட்டு அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். விற்பவர் கடனில் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வேண்டும். வேறு மாநிலத்து வண்டியானால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

பெயர் மாற்றத்தை, 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று விபத்து நஷ்ட ஈட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். மாற்றாமல் விட்டு வண்டி எங்காவது மோதினால், உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம்.

வந்த பிறகு

வாங்கிவிட்டால் கவலை தீர்ந்ததா? கரிசல் புழுதி காற்று வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும்; புத்தகத்தில் சொன்னதற்கு முன்பே அதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டி வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள்; ஒரு நிமிஷம் எஞ்சின் சும்மா ஓடட்டும், டர்போ ஆறும். நல்ல பங்கிலேயே வாடிக்கையாக டீசல் போடுங்கள். பங்கில் "டீசல்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். தப்பித் தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால், ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் செய்யாதவரை டாங்கியைக் காலி செய்வதோடு போய்விடும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்பும் இன்ஜெக்டரும் கெடலாம்.

என் சிநேகிதி இப்போது காலை எட்டே காலுக்குக் கிளம்புகிறாள். கூடவே இரண்டு தோழிகள் வருகிறார்கள், பேச்சுத் துணை. மாலை ஆறரைக்குள் வீட்டில் இருக்கிறாள். சின்னப் பெண் இப்போது பக்கத்து வீட்டுத் திண்ணையில் தூங்குவதில்லை. சொந்த வீட்டு வாசலிலேயே நின்று ஹாரன் சத்தத்துக்குக் காத்திருக்கிறாள். மாத மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறார்கள். பையனின் கல்லூரிக்கு எடுத்த பணம் அவன் பணமாகவே திரும்ப வேண்டுமாம்.

சென்ற மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தக் கீறல் இன்னும் அப்படியே இருக்கிறது. "இதை ஒரு டிங்கரிங் ஷெட்டிலே கொடுத்துப் பெயிண்ட் அடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவள் கணவர் முந்திக்கொண்டு பதில் சொன்னார்: "வேண்டாங்க. பளபளன்னு ஆயிட்டா எனக்கே சந்தேகம் வந்துடும்!"

ஆகவே, உங்கள் வீட்டிலும் யாராவது 'நாளைக்கே முடிக்க வேண்டும்' என்று ஓடி வந்தால் பதறாதீர்கள். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். பிறகு வண்டியை, ஒரு புடவையைப் பார்ப்பதுபோல், நிதானமாக உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்.